‘இருபது கிலோ குறைங்க’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு



முழங்கால் வலிக்கோ, சர்க்கரைக்கோ, கல்லீரல் கொழுப்புக்கோ மருத்துவரைப் பார்க்கப் போய், “இருபது கிலோவாவது குறைச்சே ஆகணும்” என்ற ஒரு வரியோடு வெளியே வந்தவர்கள் நீங்கள். வெளியே டோக்கனோடு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்திருப்பார்கள். “சாப்பாட்டைக் குறைங்க, நடங்க” என்பதற்கு மேல் விளக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சாதம், எவ்வளவு நாளைக்கு என்ற கேள்விகளை எல்லாம் நீங்கள் வீட்டுக்குச் சுமந்து வந்துவிட்டீர்கள்.

உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறவள் நான். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தக் கேள்விகளுக்கு வேறு யாருக்கோ எழுதிய பதிலைப் பின்பற்றிக் களைத்துப்போய்த்தான் வருகிறார்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி, மொத்தம் 1,200 கலோரி. நூற்றைந்து கிலோ எடையுள்ள லாரி டிரைவருக்கும் அதே தாள்தான், அறுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஆசிரியைக்கும் அதே தாள்தான். பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பதினாறாம் நாள் இரவு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்களுடைய உடம்புக்குப் பொருந்தாத அளவைக் கொடுத்ததுதான் தவறு.

உங்களிடம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நிறைய எடை குறைக்க வேண்டியவருக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே அளவு என்பது கிடையாது. உங்கள் அளவை உங்கள் உடம்பிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை இறங்க இறங்க மறுபடி மறுபடி கேட்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? உடம்பு சும்மா படுத்திருந்தாலே இவ்வளவு எரிக்கும் என்று மதிப்பிட, 1990-இல் மிஃப்ளின், செயின்ட் ஜியோர் குழுவினர் வெளியிட்ட வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. எடையைப் பத்தால் பெருக்குங்கள். சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். நாற்பத்தைந்து வயது, 170 சென்டிமீட்டர், 102 கிலோ உள்ள ஓர் ஆணுக்குக் கிட்டத்தட்ட 1,860 வரும். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் அதை 1.3 முதல் 1.4 வரை ஏதாவதொன்றால் பெருக்கலாம். நடுவில் 1.35 என்று வைத்துக்கொண்டால் நாளுக்குச் சுமார் 2,500 கலோரி. அதிலிருந்து ஐந்நூறைக் குறைத்து இரண்டாயிரத்தில் அவர் தொடங்கலாம். 1,200 எங்கே, 2,000 எங்கே! அவர் பட்டினி கிடக்கவே வேண்டியதில்லை.

இதே மனிதர் ஒரு வருடத்தில் 80 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதே வாய்பாட்டின்படி இப்போது அவர் உடம்புக்கு வேண்டியது சுமார் 2,200தான். சுமந்து நடக்க இருபத்திரண்டு கிலோ குறைந்திருக்கிறது, ஊட்டி வளர்க்க வேண்டிய திசுவும் குறைந்திருக்கிறது. இன்னும் அதே இரண்டாயிரத்தைச் சாப்பிட்டால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ போல இறங்கிய எடை இப்போது இருநூறு கிராம்கூட இறங்காது. அவர் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார், ஒழுங்காகத்தான் நடக்கிறார். ஆனால் எடை நின்றுவிட்டது என்று என்னிடம் வந்து அழுவார். இது நடக்கும் என்று அவரிடம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வாய்பாடு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே எடை உள்ள இரண்டு பேருக்குள்ளேயே நாளுக்கு இருநூறு முந்நூறு கலோரி வித்தியாசம் இருக்கலாம். அதனால் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், மூன்று நான்கு வாரம் சோதித்துப் பாருங்கள். சோதனைக்கு வேண்டியவை எடை மெஷின் ஒன்று, கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, நோட்டு ஒன்று.

இனி அடுப்படிக்கு வருவோம். கணக்கு பெரும்பாலும் பிசகுவது அங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதத்தைக் கரண்டிக் கணக்கில் சொல்வதில் பயனில்லை. உங்கள் வீட்டுக் கரண்டி வேறு, என் வீட்டுக் கரண்டி வேறு. அரிசியாக அளப்பது சுலபம். பச்சை எடையில் 100 கிராம் அரிசிக்குச் சுமார் 350 கலோரி. குழைய வடித்தாலும் உதிரியாக வடித்தாலும் அது மாறாது, தண்ணீர்தான் கூடிக் குறையும். வீட்டு டம்ளரில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கிறது என்று ஒருமுறை நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கே ஒரே பானையில் வடிப்பதால், வெந்த சாதம் முழுவதையும் நான்கைந்து நாள் நிறுத்துப் பார்த்தால் போதும், உங்கள் தட்டில் விழுவது எத்தனை கிராம் அரிசியின் சாதம் என்று பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு கண்ணே சொல்லும். இட்லியும் அப்படித்தான். வீட்டுத் தட்டில் ஊற்றும் சின்ன இட்லிக்கும் ஓட்டலில் வரும் இட்லிக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருக்கும். ‘நான் நாலு இட்லிதான் சாப்பிட்டேன்’ என்ற வாக்கியத்திலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

அரிசியைவிட எனக்குக் கவலை தருவது எண்ணெய். ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கலோரி, ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120. ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது. தாளிப்புக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டால் சமைத்தவருக்கே தெரியாது, கை போன போக்கில் ஊற்றியது. அதனால் ஒவ்வொரு வேளையும் அளக்கச் சொல்லி நான் யாரையும் வாட்டுவதில்லை. புதுப் பாட்டிலைத் திறக்கும்போது அதன்மேல் தேதியை எழுதுங்கள், தீரும்போது எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் எட்டு நாளில் ஒரு லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 250 கலோரி எண்ணெயிலிருந்தே போகிறது. பதினாறு நாளுக்கு நீட்டினால் பாதி. யாரும் ஒரு கவளம் சோற்றைக் குறைக்காமலேயே நூற்றிருபத்தைந்து கலோரி குறைந்துவிடுகிறது. தேங்காய்ச் சட்னி, நிலக்கடலை, நெய் எல்லாம் இதே வகைதான். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை, நிறுத்துப் போடச் சொல்கிறேன்.

காபி, டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. நூறு மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் போட்ட ஒரு காபி சுமார் நூறு கலோரி. அலுவலகத்தில் நாளுக்கு நான்கு குடிக்கிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொன்று, சமைக்கிற பெண்களுக்கு மட்டும் உள்ளது: உப்புப் பார்க்க வாயில் போட்டது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த பருப்புச் சாதம், ராத்திரி வீணாகக் கூடாதென்று வழித்துப் போட்ட பொரியல். இவையும் நோட்டில் வர வேண்டும். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஒரு நியூயார்க் ஆய்வு, 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தது. அவர்களுடைய உடம்பு எரிக்கும் அளவில் குறை எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. நினைவு எல்லோருக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது.

எடையைத் தினமும் காலையில் காலைக்கடன் முடித்து, காபிக்கு முன் பாருங்கள். ஒரு நாளைய எண்ணுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். முந்தைய இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அத்தனையும் தண்ணீர். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிலக்கு உள்ளவர்கள் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு வாரம் சட்டென்று இறங்குவதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்து தீரும்போது அதோடு கட்டுண்ட நீரும் சேர்ந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்குச் சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 1,950 என்று எழுதி வந்தவருடைய வாரச் சராசரி நான்கு வாரத்தில் 98.4 கிலோவிலிருந்து 96.8-க்கு வந்திருக்கிறது என்றால், இறங்கியது 1.6 கிலோ. அதை 7,700-ஆல் பெருக்கி 28 நாளால் வகுத்தால் 440. ஆக, அவர் உடம்பு நாளுக்கு எரிப்பது 1,950-உம் 440-உம் சேர்ந்து ஏறக்குறைய 2,390. எந்த வாய்பாடும் அவரைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. உங்கள் அளவையில் கொஞ்சம் பிழை இருந்தாலும் கவலைப்படாதீர்கள். தினமும் ஒரே மாதிரி அளந்தால், உங்கள் நோட்டுக் கணக்குக்குப் பொருந்துகிற எண் கிடைத்துவிடும். கூட்டல் பெருக்கலே பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. நான்கு வாரம் ஒரே மாதிரி சாப்பிடுங்கள். சராசரி அசையவில்லை என்றால் ஒரே ஒரு பொருளில், இரவு ஒரு தோசையோ மதியம் அரைக் கைப்பிடி அரிசியோ, குறைத்து அடுத்த நான்கு வாரம் பாருங்கள்.

ஐந்து கிலோ இறங்கியதும் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். பிறகு மறுபடி.

அளவுக்கு மேல் குறைப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். வேகமாக இறங்கினால் மகிழ்ச்சிதானே என்பீர்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, ஷாம்பூவை மாற்றுகிறவர்கள் உண்டு, காரணம் தட்டில் இருந்திருக்கும். கொழுப்போடு தசையும் போகும். வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் போன தசை எளிதில் திரும்பி வராது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டுமுறை படியுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுந்தவர்களை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோற்றை அறவே விட்டாலோ நீண்ட விரதம் இருந்தாலோ, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். சாப்பாட்டின் அளவை மாற்றும் முன் மருந்தின் அளவைக் கேளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எதையும் குறைக்க வேண்டாம். நேரில் ஒருவரைப் பாருங்கள்.

‘850 கலோரி டயட்டில் சர்க்கரையே போய்விட்டதாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட டைரெக்ட் ஆய்வு உண்மையானது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மருத்துவர் உங்களை இருபது கிலோ குறைக்கச் சொன்னதற்கு இப்படி வலுவான காரணம் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது வைட்டமின்களும் தாதுக்களும் அளந்து சேர்த்த தயாரிப்பு உணவு. முதல் நாளே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பது வேறு விஷயம்.

குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைக் கலோரியைவிடப் புரதத்தை வைத்துச் சொல்வது எனக்கு எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. எடை குறைக்கும் காலத்தில், நீங்கள் எட்ட நினைக்கும் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் 1.2 கிராம் வரை வேண்டும் என்பேன். எழுபது கிலோவுக்கு வர நினைப்பவருக்கு எழுபது எண்பது கிராம். நம் வீடுகளில் இதுதான் வருவதில்லை. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் பருப்புச் சாப்பிட்டதாக நினைக்கிறோம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு பத்துப் பதினைந்து கிராம்கூடத் தேறாது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20, ஊறவைக்கும் முன் 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் சுமார் 10, முப்பது கிராம் துவரம்பருப்பில் 7 போல, இருநூறு கிராம் தயிரில் 6, 7. அரிசியில் உள்ளதும் சேர்ந்தால் எழுபதை ஒட்டி வந்துவிடும். சைவர்கள் பனீர், சோயா, சுண்டலை ஒருவேளையாவது முக்கிய உணவாக வைக்க வேண்டும். புரத உணவைத் தட்டில் முதலில் வைத்து, கூட்டு பொரியலை நிறைய வைத்து, மிச்சமுள்ள இடத்தைச் சாதத்துக்குக் கொடுங்கள். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி போன்ற எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குப் பசியே எடுக்காது. குறைந்தது எவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி.

பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கியபின் பசி கூடும். முன்பு ஒரு தட்டில் அடங்கிய பசி இப்போது அடங்காது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இதை ஆராய்ந்த கெவின் ஹாலும் சகாக்களும் 2016-இல் ஒரு மதிப்பீட்டைச் சொன்னார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு எரிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் நூறு கலோரி அளவுக்குக் கூடுகிறது. முதல் மாதம் எளிதாக இருந்தது எட்டாம் மாதம் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு இது விடை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதி உணவு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் நம்மைப் போல் எடை கூடியவர்கள் அல்லர், ஆரோக்கியமான ஒல்லி உடம்புக்காரர்கள். எடையில் கால் பங்கு போயிற்று. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சமையல் புத்தகம் படிப்பது, குளிர், மனச்சோர்வு. உணவு திரும்பக் கிடைத்தபோது எவ்வளவு சாப்பிட்டும் சிலருக்குத் திருப்தி வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து நிற்கும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

அதனால்தான் நான் இடைநிறுத்தத்தை நம்புகிறேன். ஏழெட்டுக் கிலோ இறங்கியதும் குறைப்பதை நிறுத்திவிட்டு, அப்போதைய எடை நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டு மூன்று நான்கு வாரம் இருங்கள். தீபாவளி, பொங்கல், வீட்டுக் கல்யாணம் இருக்கும் மாதங்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம். பந்தியில் ஒருநாள் சாப்பிட்டதை ஏழால் வகுத்துப் பார்த்தால் பெரிதாக இருக்காது. இந்த வாரங்களில் எடை ஏறாமல் இருந்தாலே வெற்றி. கடைசியில் உங்களுக்குத் தேவைப்படப்போவதும் அந்தத் திறமைதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. “இன்னும் ஒரு தோசை வச்சுக்கோ, இளைச்சுப் போயிட்டே” என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அவரே தன் தட்டில் வைத்துக்கொள்ள விடுங்கள். இப்போதைக்கு அது பெரிய உதவி.

இலக்கை எட்டியபின் பழைய அளவுக்குத் திரும்ப முடியாது. 102 கிலோ உடம்பு சாப்பிட்டதைச் சாப்பிட்டால் 102-க்குத்தான் போய்ச் சேரும். இருந்தாலும் குறைத்த காலத்தின் அளவிலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூறு நூற்றைம்பது கலோரி கூட்டுங்கள். முதலில் ஒரு முட்டை, பிறகு ஒரு பழமும் கைப்பிடிச் சுண்டலும், பிறகு கொஞ்சம் அரிசி. வாரச் சராசரி அசையாமல் நிற்கும் இடம் வந்ததும் கூட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு கிலோ ஏறினால் உடனே திரும்பிப் பாருங்கள், ஐந்து கிலோ ஏறும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோய், எடையையும் சாப்பாட்டையும் மாத்திரைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இந்த எடைக்கு எந்த மாத்திரையைக் குறைக்கலாம் என்று அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலரைத் தினமும் சந்திக்கும் ஓர் உணவு ஆலோசகர்